தூக்கிக் குடித்த பெத்னி

பவானிபூர் பயாஸ்கோப் கொட்டகையில் அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. திரையில் பாழடைந்த ஜமீன் மாளிகையின் படிக்கட்டு தெரிந்ததும் ஆர்மோனியக்காரர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிடுவார். காலேஜ் பையன்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். மாடியில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு அவள் வருவாள். முழங்கால் வரை கூந்தல் தொங்க, கால் தரையில் படுகிறதா இல்லையா என்று தெரியாதபடி படியிறங்கி, பார்க்கிறவனைப் பார்த்து நேராக வருவாள். ஊமைப்படத்துக்கு அத்தனை கூச்சல் கல்கத்தாவில் வேறு எங்கும் எழுந்ததில்லை. நோட்டீஸில் அவள் பெயர் ஸ்ரீமதி நிஷீதினி. ஜனங்கள் வைத்த பெயர் பெத்னி. வங்காளத்தில் பெண்பேய்க்கு அதுதான் பெயர்.

அந்தப் பெத்னி தஞ்சாவூர் ஜில்லாக்காரி, பெயர் பாகீரதி, அந்தக் கூந்தலில் ஒரு மயிர்கூட அவளுடையது இல்லை என்பது கொட்டகையில் ஒருவருக்கும் தெரியாது.

பாகீரதிக்கு இருபது வயது நிரம்பும் முன்பே புருஷன் போய்விட்டான். காளிகாட்டில் இருந்த அண்ணா மஹாதேவன் ஊருக்கு வந்து அழைத்துக்கொண்டு போனார். கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் ஆபீசர் அவர். நல்ல மனிதர்தான். தங்கைக்குச் சோற்றுக்கும் துணிக்கும் குறை வைத்ததில்லை, ஒரு நாளும் அதட்டியதில்லை. ஆனால் சாஸ்திரம் என்று வந்துவிட்டால் மனிதர் கல். தங்கை நார்மடி கட்டிக்கொண்டு தலையை மழித்துக்கொண்டு பின்கட்டில் இருக்க வேண்டும். அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது எதிரே வரக் கூடாது. ஒரு தரம் தெரியாமல் வந்துவிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பாகீரதிக்கு.

மாதா மாதம் கிடர்பூரிலிருந்து நரசையா என்ற தெலுங்கு நாவிதர் வருவார். பின்முற்றத்தில் பலகை போட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கூப்பிடுவார். அவள் போய்த் தலை குனிந்து உட்கார வேண்டும். உலகத்தில் அவள் வெறுத்தது அந்தப் பலகை ஒன்றைத்தான். பட்டினி கிடக்கச் சொன்னால் கிடப்பாள், தரையில் படுக்கச் சொன்னால் படுப்பாள். கத்தி உச்சந்தலையில் படும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்து வீட்டு வங்காளி விதவைகள் எல்லோரும் தலைமயிரோடுதான் இருந்தார்கள். மழிக்காததற்காக அவர்களில் யாரும் நரகத்துக்குப் போனதாக அவளுக்குத் தகவல் இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு மார்கழி விடியற்காலை. வீட்டுக்குப் பக்கத்து ஆதிகங்கை ஆற்றில் முழுகிவிட்டு, ஈரப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு படியேறி வந்தாள். பனிமூட்டம் கண்ணை மறைத்தது. மேல்படியில் வெயில் வரக் காத்துக்கொண்டு, முக்காலியின் மேல் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நின்ற ஆள் அவளைப் பார்த்ததும் "மா கோ!" என்று அலறி, பெட்டியையும் தள்ளிக்கொண்டு பின்னால் விழுந்தான். நாலு பேர் ஓடி வந்தார்கள். விழுந்தவன் எழுந்திருக்காமலே அவளைச் சுட்டிக் காட்டினான். பாகீரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கல்கத்தா வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் பயாஸ்கோப் எடுக்க வந்தவர்கள். விழுந்தவன் காமிராக்காரன். படம் பேய்க் கதை. பேயாக நடிக்க ஒப்புக்கொண்ட ஆங்கிலோ இந்தியப் பெண், பக்கத்தில் சுடுகாடு என்று தெரிந்ததும் பாதி வழியிலேயே டிராமை விட்டு இறங்கி ஓடிவிட்டாள். டைரக்டர் நிருபேன் பாபு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காமிராக்காரன் விழுந்ததைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"மா, நீங்க நடிக்கிறீங்களா? பேச வேண்டியதில்லை. நடந்து வந்தாப் போதும்" என்று கும்பிட்டார்.

அக்கம்பக்கத்தில் பழகிய வங்காளம் அவளுக்குக் கொஞ்சம் வரும். "நான் விதவை. எங்காத்துல கொன்னுடுவா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தாள். அதோடு விஷயம் முடிந்திருக்கும். நடிகர்களுக்கு அலங்காரம் பண்ணுகிற பிந்து மாசி என்ற கிழவி அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை உதறினாள். கருகருவென்று முழங்கால் நீளத்துக்கு ஒரு பொய்க்கூந்தல். பாகீரதி நின்றாள். பிந்து மாசி அதை அவள் தோளில் போட்டாள். பாகீரதி ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

பேய்ப்படம் என்றால் நடுராத்திரியில் எடுப்பார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் காமிராவுக்கு வெயில் இல்லாமல் ஒன்றும் தெரியாது. உச்சி வெயிலில் எடுத்து, பிறகு பிலிமை நீலச் சாயத்தில் முக்கி ராத்திரி ஆக்கிவிடுவார்கள். அதனால் பேய்க்கு வேலை பகல் பதினோரு மணிக்கு மேல்தான். அண்ணாவை ஆபீசுக்கு அனுப்பி அடுப்பை அணைத்த பிறகு பாகீரதிக்குப் போது போகாத நேரமும் அதுவே. "காளி கோயில்ல கதை சொல்றா மன்னி, கேட்டுட்டு வரேன்" என்பாள். மஹாதேவனின் மனைவி ஜெயலக்ஷ்மி, "போயிட்டு வாயேன், பாவம்" என்பாள். விதவை கதை கேட்கப் போனால் யார் சந்தேகப்படுவார்கள்? அவள் படம் எடுக்கிற டாலிகஞ்சுக்கு டிராம் ஏறிவிடுவாள்.

முதல் நாளே தகராறு. வங்காளத்துப் பேய்க்குப் பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும். தச்சனிடம் சொல்லி மரத்தில் பாதம் செய்து வைத்திருந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு பாகீரதி இரண்டடி வைத்து மூன்றாவது அடியில் குப்புற விழுந்தாள். எழுந்து கட்டையை அவிழ்த்து எறிந்தாள்.

"எங்க ஊர்ப் பேய்க்குக் கால் தரையில படாது. நான் நடக்கறேன், பாருங்கோ" என்றாள்.

நடந்தாள். சத்தம் இல்லாமல், தோள் அசையாமல், புடவை நுனி தரையை ஒட்டிக்கொண்டு வர. நிருபேன் பாபு வாயைத் திறந்தவர் மூடவில்லை. எங்கே கற்றாய் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். வீட்டில் தான் இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் வருஷக் கணக்கில் நடந்த நடை அது. அதை வைத்து இந்தப் பெண் ஒரு பட்டணத்தையே நடுங்க வைத்தாள். இதற்கு மேல் ஒரு கலைஞியை எப்படிப் புகழ்வது?

இன்னொன்றும் அந்தப் படத்தில் நடந்தது. மாளிகைக்கு விருந்தாளியாக வருகிறவன் தூங்கும்போது, பெத்னி அவன் தலைமாட்டுச் சொம்பை எடுத்து ரத்தம் குடிக்க வேண்டும். ரத்தம் என்பது வெல்லப்பாகுத் தண்ணீர், கறுப்பு வெள்ளையில் நன்றாகவே ரத்தமாகத் தெரியும். ஆனால் அந்தச் சொம்பில் காலையிலிருந்து காமிராக்காரன் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததைப் பாகீரதி பார்த்திருந்தாள். செத்துப்போன பேயாக நடித்தாலும் எச்சில் எச்சில்தானே? அவள் யோசிக்கவே இல்லை. தலையை அண்ணாந்து, சொம்பை முகத்துக்கு மேலே தூக்கி, உதட்டில் படாமல் கம்பி மாதிரி வாய்க்குள் விட்டுக்கொண்டாள். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

வங்காளிகள் கிளாஸை உதட்டில் வைத்துக் குடிக்கிறவர்கள். அப்படி ஒரு குடியை அவர்கள் கண்டதில்லை. "மறுபடி எடுக்கட்டுமா பாபு? தப்பாக் குடிச்சுட்டாங்க" என்று காமிராக்காரன் கேட்டான். நிருபேன் பாபு அவனை ஒரு முறை முறைத்தார். மனுஷ வாய் தொடுகிற இடத்தைப் பேயின் வாய் தொடாது என்று அவர் அர்த்தம் பண்ணிக்கொண்டார். ஊரும் அப்படியே பண்ணிக்கொண்டது.

'ராஜ்பாடிப் பெத்னி', அதாவது அரண்மனைப் பேய், என்ற அந்தப் படம் மாதக்கணக்கில் ஓடியது. மெஸ்ஸில் தங்கிப் படிக்கும் பையன்கள் அதே படத்தை வாரா வாரம் பார்த்தார்கள். தலையை அண்ணாந்து தண்ணீர் குடிப்பது அவர்களுக்கு ஒரு பைத்தியமாகிவிட்டது. டீக்கடையில் ஒருவன் தூக்கிக் குடிக்கப் பார்த்து மூக்கில் விட்டுக்கொள்வான், மற்றவர்கள் "பெத்னி! பெத்னி!" என்று கைதட்டுவார்கள். நனையாத சட்டையோடு காலேஜுக்குப் போனவன் கொஞ்சம். அடுத்த படத்திலும் அதற்கு அடுத்ததிலும் கதை எதுவானாலும் பெத்னி ஒரு முறை தூக்கிக் குடித்தே ஆக வேண்டும் என்று கொட்டகைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். வீதியில் பையன்கள் பெத்னி மாதிரி நடந்து காட்டுவதை நார்மடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு பாகீரதி கறிகாய் வாங்கிக்கொண்டு போவாள். நடை சரியில்லை, தோள் ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

இதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் இதனால் ஒரு ஆபத்தும் வந்து சேர்ந்தது. படப்பிடிப்பில் பகலெல்லாம் தோளில் புரண்ட கூந்தலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, நரசையாவின் பலகையில் போய் உட்கார அவளால் முடியவில்லை. ஒரு மாதம் ஜுரம் என்றாள். அடுத்த மாதம் தலைவலி என்றாள். அதற்கடுத்த மாதம் அவர் வருகிற வேளைக்குக் கதை கேட்கப் போய்விட்டாள். நரசையாவுக்கும் வயதாகிவிட்டது, விட்டது தொல்லை என்று திரும்பிப் போனார். முக்காட்டுக்குள் மயிர் முளைத்தது. முதலில் முள்ளாகக் குத்தியது, பிறகு மெத்தென்றானது. தனியாக இருக்கும்போது உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். விரல் நீளம் வந்துவிட்டது. இது தெரிந்தால் ஒன்று பலகை, இல்லாவிட்டால் தெரு. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் போயிற்று. எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து போஸ் வீட்டு மருமகள், பயாஸ்கோப் பார்த்ததே இல்லையா என்று ஜெயலக்ஷ்மியைக் கையோடு இழுத்துக்கொண்டு பவானிபூர் போனாள். வங்காளிகள் வாய்க்கு வாய் சொல்லும் அந்தப் பெத்னியைத்தான் பார்க்கப் போனார்கள். மறுநாள் அண்ணா ஆபீஸ் போனதும் ஜெயலக்ஷ்மி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"நீதானேடி அது?"

பாகீரதி அரிவாள்மணையிலிருந்து நிமிரவில்லை. "எது மன்னி?"

"மயிரைப் பார்த்தா வேற யாரோன்னு இருந்தது. பயத்துல நான் கத்தினேன் பாரு, கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் சொம்பைத் தூக்கிக் குடிச்சே. நம்மாத்துப் பொம்மனாட்டியைத் தவிர இந்த ஊர்ல வேற யாருடி ஒரு சொட்டு சிந்தாம அப்படிக் குடிப்பா? பேயானாலும் எச்சப் பண்ணாத பேய்! அந்த க்ஷணமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பாகீரதி கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். ஜெயலக்ஷ்மி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயலக்ஷ்மி நல்லவள். ஆனால் வாயில் ஒன்று நிற்காது. அன்று சாயங்காலமே மஹாதேவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. பின்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடி பேசினார்.

"ஞாயித்துக்கிழமை காலம்பர நரசையா வருவான். உக்காரணும். அந்தக் கூத்தும் அன்னியோட நிக்கணும். நம்ம மனுஷா நாலு பேர் இந்த ஊர்ல இருக்கா. நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

"அண்ணா" என்றாள் பாகீரதி. அவரோடு அவள் நேராகப் பேசியே பல வருஷம் ஆகியிருந்தது. "பயாஸ்கோப்பை வேணா விட்டுடறேன். சத்தியமா விட்டுடறேன். தலையை மட்டும் விட்டுடு."

அவர் கூடத்துக்குப் போய்விட்டார். உள்ளேயிருந்து ஜெயலக்ஷ்மியின் குரல் கேட்டது. புருஷனை எதிர்த்து அவள் பேசிப் பாகீரதி கேட்டதில்லை.

"ஏன்னா, என்ன வேணா பண்ணுங்கோ. நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வந்து பண்ணுங்கோ. பார்க்காம பண்ணாதேங்கோ."

சனிக்கிழமை ஆபீசிலிருந்து அவர் நேரே வீட்டுக்கு வரவில்லை. விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து வந்தார், கால் அலம்பினார், சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். பாகீரதி ஒரு பையில் இரண்டு புடவையை வைத்து முடிச்சுப் போட்டாள். பிந்து மாசி வீட்டுக்குப் போய்விடுவது, பலகையில் மட்டும் உட்காருவதில்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. பேயைப் பார்த்துப் பயப்பட ஒரு ஊரே இருந்தது, பேயின் பயத்தைக் கேட்க யாரும் இல்லை.

காலையில் நரசையா வந்துவிட்டார். முற்றத்தில் பலகை போடுகிற சத்தம், கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், கத்தியைத் தோலில் தீட்டுகிற சத்தம் எல்லாம் கேட்டன. "அம்மா!" என்று கூப்பிட்டார். பாகீரதி முக்காடு போடாமல் வெளியே வந்தாள். பலகைக்குப் பக்கத்தில் போகாமல் தூணோரம் நின்றாள். நரசையா அவள் தலையைப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, காடு மாதிரி" என்று கத்தியைத் திருப்பினார்.

அப்போது மஹாதேவன் தோளில் துண்டோடு முற்றத்துக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் பலகையில் தாமே உட்கார்ந்தார்.

"எனக்குப் பண்ணு" என்றார்.

"சாமிக்கு அப்புறம். முதல்ல அம்மாவுக்கு..."

"அம்மாவுக்கு இனிமே கிடையாது. இந்த ஆத்துல உன் கத்திக்கு நான் ஒருத்தன்தான்."

நரசையா கையில் தண்ணீரை எடுத்தவர் அப்படியே நின்றார். மஹாதேவன் தலையைத் தூக்கித் தூணோரம் நின்ற தங்கையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"நேத்திக்குக் கொட்டகையில பக்கத்துல இருந்தவன் எல்லாம் எழுந்து நின்னான். யாரோ மகாராணி வரா மாதிரி. சுவர் அகலத்துக்கு உன் மூஞ்சி. எனக்குப் பயமா இல்லைடி, அவமானமா இருந்தது. ஒரே ஆத்துல இருந்துண்டு கூடப் பொறந்தவ மூஞ்சியை டிக்கெட் வாங்கிண்டு பார்க்கற அண்ணா உலகத்துல நான் ஒருத்தன்தான் இருப்பேன்."

"நீ பண்ணுடா" என்று நரசையாவிடம் கன்னத்தைக் காட்டினார். கன்னம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

பாகீரதி அதன் பிறகும் நடித்தாள். நிருபேன் பாபு அடுத்த படத்தை அவளுடைய சொந்தத் தலைமயிர் தோளைத் தாண்டுகிற வரை தள்ளிப் போட்டார் என்பார்கள். பேசும்படம் வந்ததும் அவளாகவே விலகிக்கொண்டாள். பேய் வாயைத் திறந்து தஞ்சாவூர் வங்காளம் பேசினால் எவன் பயப்படுவான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். காளிகாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டொருவர் மஹாதேவன் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வராததால் அவருக்குக் காப்பிப்பொடி மிச்சம். பெத்னியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் பாகீரதி படங்களைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். அவள் சொல்வதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் பற்றித்தான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஜெயலக்ஷ்மி தன் சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். "உக்காருடி" என்று பாகீரதியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டாள். வாருவதற்கு ஒன்றுமே இல்லை, விரல் நீளம்தான் இருந்தது. ஆனாலும் நடுவகிடு எடுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக, இருட்டுகிற வரை வாரிக்கொண்டே இருந்தாள்.